கொற்கையிலிருந்து புறப்படும் கருவிழி

கொற்கையில் இப்போது முத்துக் குளிப்பவர் யாரும் இல்லை. பாண்டியர்களின் துறைமுகத்தைத் தாமிரபரணியின் வண்டல் மூடிவிட்டது. கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே ஒதுங்கிவிட்டது. அலை அடித்த இடத்தில் நெல்லும் வாழையும் நிற்கின்றன. மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. ஆனாலும் முத்தைவிட அரிய ஒரு பொருள் இந்த ஊர்ப்பக்கத்து எந்த வீட்டிலிருந்தும் இன்றைக்கும் புறப்பட முடியும். அதன் தடிமன் அரை மில்லிமீட்டர். அகலம் பன்னிரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. அதை விற்கவோ வாங்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. மருத்துவர்கள் கார்னியா என்பார்கள். கண் வங்கிக்காரர்கள் கருவிழி என்பார்கள்.

அந்தக் கருவிழி பிறந்து, உழைத்து, ஊர் விட்டு ஊர் போய், இன்னொருவர் முகத்தில் வாழ்வதைத்தான் எழுத நினைக்கிறேன். யாருடைய பெயரும் இதில் வேண்டாம். கொற்கையில் எழுபத்திரண்டு வயதில் காலமாகும் ஓர் ஆச்சி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கண்ணுக்கு நடப்பதாக நான் சொல்லும் ஒவ்வொன்றும் கண் வங்கிகளில் வழக்கமாக நடப்பதுதான்.

ஆச்சி தாயின் வயிற்றில் ஐந்தாறு வாரக் கருவாக இருந்தபோதே கருவிழி உருவாகத் தொடங்கிவிட்டது. கண்ணின் லென்ஸ் மேல்தோலிலிருந்து பிரிந்து உள்ளே இறங்கியதும், அதற்கு முன்னால் செல்கள் வந்து படிந்து இந்தச் சன்னலைக் கட்டின. பிறக்கும்போது அதன் அகலம் ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர். இரண்டு வயதுக்குள் பெரியவர்களின் அளவை எட்டிவிட்டது. உடம்பு வளர இன்னும் பல வருடம் இருந்தது. கருவிழி தன் வளர்ச்சியை அப்போதே முடித்துக்கொண்டது.

கண்ணுக்கு மூன்று அடுக்கு. வெளி அடுக்கின் பெரும்பகுதி வெண்விழி. முன்னால் ஆறில் ஒரு பங்கு கருவிழி. இரண்டுமே கொலாஜன் என்ற ஒரே நாரால் ஆனவைதான். வெண்விழியில் அந்த நார்கள் பருமன் கூடியும் குறைந்தும், தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. அதனால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. கருவிழியிலோ எல்லா நாரும் ஒரே பருமன், நாருக்கும் நாருக்கும் ஒரே இடைவெளி. அந்த ஒழுங்கினால்தான் அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. கறுப்பாகவும் பழுப்பாகவும் நாம் பார்ப்பது அதற்குப் பின்னால் இருக்கும் ஐரிஸையும் அதன் நடுவில் இருக்கும் பாப்பாவையும்.

நடு அடுக்கில் அந்த ஐரிஸ், லென்ஸின் குவியத்தை மாற்றும் சிலியரித் தசை, ரத்தம் நிறைந்த கோராய்டு ஆகிய மூன்றும் தொடர்ந்தாற்போல் இருக்கின்றன. ஐரிஸ் உள்ளே போகும் வெளிச்சத்தை அளந்து விடுகிறது. கோராய்டு விழித்திரையின் வெளிப்பகுதிக்குச் சோறு போடுகிறது. அதன் கருநிறம் சிதறித் திரியும் ஒளியை விழுங்கிக்கொள்கிறது. உள் அடுக்குதான் விழித்திரை. பன்னிரண்டு கோடி அளவுக்குக் குச்சிச் செல்கள், அறுபது லட்சம் கூம்புச் செல்கள். அவை பிடித்ததை மூளைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய பத்து லட்சம் நரம்பிழைகள். ஆச்சியின் இந்த உள் அடுக்குகள் அவரோடேயே போய்விடும். அறுந்த பார்வை நரம்பை ஒட்டவைக்க இன்றைக்கும் வழி இல்லை. 2023 மே மாதம் நியூயார்க்கில் ஒரு முழுக் கண்ணையே எடுத்து இன்னொருவருக்குப் பொருத்தினார்கள். கண் உயிரோடு நின்றது, பார்வை வரவில்லை. பார்வைக்காக ஊர்விட்டு ஊர் போகக்கூடியது முன்னால் இருக்கும் அந்த அரை மில்லிமீட்டர்தான்.

அந்த அரை மில்லிமீட்டருக்குள்ளேயும் அடுக்குகள் உண்டு. மேலே எபிதீலியம்: ஐந்தாறு வரிசைச் செல்கள், ஒரு வாரத்தில் முழுதும் புதிதாகிவிடும். தூசி கீறினாலும் ஓரிரு நாளில் ஆறிப்போவது அதனால்தான். அடுத்தது போமன் படலம், மெல்லியது. அது ஒருமுறை கிழிந்தால் பழையபடி வளராது, தழும்பாகிவிடும். அதற்குக் கீழே ஸ்ட்ரோமா. கருவிழியின் தடிமனில் பத்தில் ஒன்பது பங்கு அதுதான். இருநூறுக்கும் மேற்பட்ட கொலாஜன் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. கொற்கை முத்தும் இப்படித் தகடு தகடாக வளர்ந்ததுதான். சிப்பி சுரந்த தகடுகள் ஒளியைத் திருப்பி அனுப்பியதால் முத்து மின்னியது. கருவிழியின் தகடுகள் ஒளியை உள்ளே விட்டுவிடுகின்றன. ஸ்ட்ரோமாவுக்கு அடியில் டெசிமே படலம், மெல்லியதானாலும் உறுதியானது. எல்லாவற்றுக்கும் கடைசியில் எண்டோதீலியம்.

இந்த எண்டோதீலியத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அறுகோணச் செல்கள் ஒரே ஒரு வரிசை; தடிமன் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. கண்ணுக்குள் ஊறும் நீர் எந்நேரமும் ஸ்ட்ரோமாவுக்குள் கசிகிறது. நீர் ஏறினால் நார்களின் இடைவெளி குலைந்து கருவிழி உப்பி வெளுத்துவிடும். ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே கரை சேருபவரைப்போல, இந்தச் செல்கள் இரவும் பகலும் அந்த நீரை வெளியே இறைக்கின்றன. மனிதருக்கு இவை திரும்ப வளர்வதில்லை. இளமையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு மூவாயிரம் இருக்கும். வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒரு செல் போனால் பக்கத்துச் செல் அகன்று அந்த இடத்தை மூடிக்கொள்ளும். ஆச்சியின் கருவிழி இறந்தபின்னும் பயன்படுமா என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது இந்த எண்ணிக்கைதான்.

எழுபது வருடம் அது செய்த வேலையும் சின்னதல்ல. கண் ஒளியை வளைக்கும் திறன் ஏறக்குறைய அறுபது டயாப்டர். அதில் நாற்பத்துமூன்று கருவிழியின் பங்கு. லென்ஸுக்கு மிச்சம்தான். காற்றிலிருந்து கருவிழிக்குள் நுழையும் அந்த முதல் திருப்பத்திலேயே ஒளி பெரும்பாலும் வளைந்துவிடுகிறது. தண்ணீருக்குள் முங்கினால் அந்தத் திருப்பம் மறைந்துபோகும். தண்ணீரும் கருவிழியும் ஒளிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பழைய கிரேக்க நூலான பெரிப்ளஸ், கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை முத்தெடுக்க இறக்கினார்கள் என்று சொல்கிறது. அந்தக் கைதிகள் மூச்சடக்கி அடி மணலில் சிப்பி தேடியபோது, அவர்கள் கருவிழியின் வேலை நின்றுபோய், கலங்கிய உருவங்களைத்தான் பார்த்திருப்பார்கள். முத்தின் பெருமையைப் பாடிய ஊரில் அந்தக் கண்களை நினைத்துப்பார்த்தவர் குறைவு.

நெல்வயல் பக்கம் போவோம். ஆச்சியின் கருவிழி யாருக்குப் போகப்போகிறது என்பது அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே கார், பிசானம் என்று இரண்டு பருவத்தில் நெல் விளைகிறது. அறுக்கும்போது தாள் கண்ணில் அடிக்கும். களத்தில் தூற்றும்போது சுணையும் உமியும் பறக்கும். கீறல் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் நெல்தாளோடும் மண்ணோடும் பூஞ்சைக் காளானின் வித்து சேர்ந்து போனால் கதை வேறு. திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையில் 1999 செப்டம்பர் முதல் 2002 ஆகஸ்ட் வரை, தொற்றால் கருவிழிப் புண் வந்த 3183 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பூஞ்சையால் வந்தவை. பாக்டீரியாவால் வந்தவையும் ஏறக்குறைய அதே அளவு. பூஞ்சைப் புண் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதலில் கண்ணில் காயம் பட்டிருந்தது. புண்ணில் அதிகம் கண்டது ஃபியூசேரியம், அடுத்து ஆஸ்பெர்ஜில்லஸ். இரண்டுமே மண்ணிலும் பயிரிலும் வாழ்பவை. குளிர்நாடுகளில் இந்த நோய் அபூர்வம். நம் பக்கத்தில் சோறு போடும் பயிரே கண்ணைப் பறிக்கிறது. உழைக்கும் வயதில், குடும்பத்தைத் தாங்குகிறவருக்கு, அதுவும் வேலை செய்யும்போதே இது வருகிறது என்பதுதான் என்னை அதிகம் வருத்துவது.

கீறல் பட்ட அன்றைக்கு வீட்டில் என்ன செய்கிறார்கள்? முந்தானை நுனியால் தூசியை எடுப்பார்கள், தாய்ப்பால் பிழிவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். எல்லாம் அக்கறையில் செய்வதுதான், ஆனால் கீறல் பட்ட கண்ணுக்குள் கிருமி போக அது வழி விடுகிறது. அதைவிட ஆபத்து, மெடிக்கல் கடையில் கண் சிவப்புக்கு என்று வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. முதல் நாள் சிவப்பும் வலியும் குறையும். உள்ளே பூஞ்சை தடையில்லாமல் வளரும். நேபாளத்தின் பக்தப்பூர் பகுதியில் நடந்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளிவந்தது. கருவிழி கீறியவர்களுக்குக் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் குளோராம்பெனிகால் களிம்பை மூன்று நாள் போட்டார்கள். காயம் பட்டு 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 24 மணி நேரம் தாண்டி வந்தவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் வந்துவிட்டது. பிறகு மதுரை மாவட்டத்துக் கிராமங்களிலும் இதே வழியில், பூஞ்சைக்கான களிம்பையும் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். காசு அதிகம் பிடிக்காத இந்த ஏற்பாடு நெல் விளையும் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புண் வந்துவிட்டால் நாட்டாமைசின் சொட்டு. தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் வந்த மருந்து அது. அதைவிடப் புதியதும் விலை கூடியதுமான வோரிகோனசோலோடு அதை ஒப்பிட்டு அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தினார்கள். 2013-ல் முடிவு வந்தது: பழைய நாட்டாமைசினே மேல், அதிலும் ஃபியூசேரியத்துக்கு. உலகம் முழுதும் மருத்துவர்கள் இன்று அந்த முடிவைப் பின்பற்றுகிறார்கள். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மணிக்கொரு தடவை என்று மருந்து விட்டு ஆறினாலும், ஸ்ட்ரோமாவின் தகடுகள் பழைய ஒழுங்கில் சேராது. கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்கள். பின்னால் லென்ஸும் விழித்திரையும் பழுதில்லாமல் இருக்கும். வெளிச்சம் மட்டும் உள்ளே போகாது. அப்படியான ஒரு விவசாயிக்குத் தேவைப்படுவது ஆச்சியின் அரை மில்லிமீட்டர்.

ஆச்சி காலமாகிறார். வீட்டில் அழுகை. பம்பாயிலிருந்து மகன் வர வேண்டும் என்று ஐஸ் பெட்டிக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். இந்த நேரத்தில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஊர் ஆசிரியரோ அரிமா சங்கத்துக்காரரோ பக்கத்து வீட்டுக்காரரோ, மூத்தவரைத் தனியே கூப்பிட்டு, "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க, ஆச்சி கண்ணைக் குடுத்துருவமா?" என்று கேட்க வேண்டும். இந்தப் பயணத்தில் ஆகக் கடினமான கட்டம் இதுதான். அறுவைச் சிகிச்சைகூட இதற்கு அடுத்தபடிதான். ஆச்சி உயிரோடு இருந்தபோது எழுதிக் கொடுத்திருந்தாலும், வீட்டார் கூப்பிடாவிட்டால் யாரும் வர மாட்டார்கள். எழுதிக் கொடுக்காவிட்டாலும் வீட்டார் சம்மதித்தால் போதும்.

இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். அதுவரை ஆச்சியின் இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். காற்று பட்டால் கருவிழி உலர்ந்துவிடும். தலைக்குத் தலையணை கொடுத்துச் சற்று உயர்த்தி வைத்தால் ரத்தம் கண்ணுக்கு இறங்காது. கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை அறுவை செய்தவர் எல்லோரும் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி நோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி, ரத்தத்தில் பரவிய தொற்று, ரத்தப் புற்றுநோய் இருந்தால் எடுக்க மாட்டார்கள்.

முகம் கெட்டுப்போகும் என்ற பயம் வீடுகளில் உண்டு. அடுத்த பிறவியில் கண் தெரியாமல் பிறப்பார் என்றும் சொல்வார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்யக்கூடாது. இறந்தவரை முழுதாக அனுப்பிவைக்க வேண்டும் என்ற பாசம்தான் அப்படிப் பேசுகிறது. கண் வங்கியிலிருந்து வந்த குழு பதினைந்து இருபது நிமிடத்தில் வேலையை முடிக்கிறது. பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுக்கிறார்கள். பல இடங்களில் இப்போது முழு விழியை எடுப்பதில்லை. கருவிழியையும் அதைச் சுற்றி மெல்லிய வெண்விழி விளிம்பையும் மட்டும் எடுத்து, அந்த இடத்தில் மூடியொன்றை வைத்து இமையைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆச்சி தூங்குவதுபோலத்தான் இருப்பார். குளிப்பாட்டிக் கோடி போர்த்தும் எந்தச் சடங்கும் தடைபடாது.

இனிப் பாதை. ஏரல், ஸ்ரீவைகுண்டம், கருங்குளம், செய்துங்கநல்லூர் என்று ஆற்றோடு மேற்கே போகிறது வண்டி. திருநெல்வேலிக்கு நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. வழியில் ஆதிச்சநல்லூர்; இறந்தவர்களைத் தாழியில் வைத்து, அவர்களுக்கு வேண்டியதைக் கூடவே வைத்துப் புதைத்தவர்களின் மேடு. ஐஸ் வைத்த பெட்டிக்குள் சிறு புட்டிகளில், இளஞ்சிவப்புத் திரவத்தில் ஆச்சியின் இரண்டு கருவிழிகளும் மிதக்கின்றன.

திருநெல்வேலியில் அரவிந்த் மருத்துவமனை 1988-ல் தொடங்கியது. அதை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி இந்தச் சீமைக்காரர்தான்; எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் 1918-ல் பிறந்தவர். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகு, அந்த விரல்களாலேயே அறுவை செய்யப் பழகிக்கொண்டார். அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தார். இன்று கருவிழியைப் பதினான்கு நாள் கெடாமல் வைக்கும் திரவத்தை, அவர் வழியில் உருவான ஆரோலேப் மதுரையிலேயே தயாரிக்கிறது. 1970-களில் வந்த எம்.கே. திரவத்தில் நான்கு நாள்தான் வைக்க முடியும்.

கண் வங்கியில் ஆச்சியின் கருவிழிகளை ஸ்லிட் விளக்கில் பார்க்கிறார்கள். பிறகு ஸ்பெக்குலர் நுண்ணோக்கியில் அந்த அறுகோணச் செல்களை எண்ணுகிறார்கள். இடது கண்ணில் சதுர மில்லிமீட்டருக்கு 2400 என்று வருகிறது. வலது கண்ணில் முன்பே கண்புரை அறுவை நடந்திருக்கிறது; செல்கள் குறைந்து 1700 என்று நிற்கிறது. பார்வைக்கான மாற்றுக்குப் பொதுவாக இரண்டாயிரமாவது வேண்டும். இடதுகண் பூ விழுந்த விவசாயிக்கு. வலதுகண்ணையும் வீணாக்க மாட்டார்கள்: பூஞ்சை தின்று ஓட்டையாகும் நிலையில் வார்டில் ஒருவர் படுத்திருப்பார்; புண்ணை வெட்டியெடுத்து அதை வைத்துத் தைத்தால் அவருடைய விழியாவது மிஞ்சும்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை கருவிழி குளிர்பெட்டியில் காத்திருக்கிறது. அதற்குள் இந்த மாற்றுச் சிகிச்சையின் பழைய கதையைப் பார்த்துவிடலாம். உலகில் பார்வை தந்த முதல் மாற்றுக் கருவிழியை 1905 டிசம்பர் 7-ல் எட்வர்ட் சிர்ம் இன்றைய செக் நாட்டின் ஒலோமோட்ஸில் பொருத்தினார். சுண்ணாம்பு பட்டுக் கண் போன ஒரு கூலித் தொழிலாளிக்கு, விபத்தில் கண்ணை இழந்த பதினொரு வயதுச் சிறுவனின் கருவிழி. இறந்தவர்களிடமிருந்து எடுக்கலாம் என்று 1930-களில் ஒடெசாவில் ஃபிலாட்டொவ் காட்டினார். இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் டாக்டர் முத்தையாவின் முயற்சியில் பிறந்தது. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், ஹட்சன் சில்வா 1961-ல் கண் தானச் சங்கத்தை நிறுவினார். 1964-ல் சிங்கப்பூருக்குக் கண்கள் போயின. அதன் பிறகு பல நாடுகளுக்கு. ஒரு சின்ன நாடு தன் தேவை போக உலகத்துக்குக் கொடுத்தது. இந்தப் பக்கம் நமக்கே போதவில்லை. 2012-ல் உலகம் முழுதும் ஏறக்குறைய 1,85,000 கருவிழி மாற்றுகள் நடந்தன. தேவைப்பட்ட எழுபது பேரில் ஒருவருக்குத்தான் கிடைத்தது.

அறுவை நாள். விவசாயியின் கருவிழியில் பூ விழுந்த நடுப்பகுதியை ஏழரை எட்டு மில்லிமீட்டர் வட்டமாக வெட்டி எடுக்கிறார்கள். ஆச்சியின் கருவிழியிலிருந்து கால் மில்லிமீட்டர் பெரிதாக ஒரு வட்டம். தலைமயிரைவிட மெல்லிய நைலான் இழையால் சுற்றிலும் பதினாறு தையல். ரத்தக் குழாய் இல்லாத இடமாதலால் உடம்பின் காவல் செல்கள் எளிதில் அங்கே வருவதில்லை. ரத்த வகை பார்க்காமலே பொருத்த முடிவது அதனால்தான். தழும்பு மேலடுக்குகளில் மட்டும் என்றால் அவரது எண்டோதீலியத்தை விட்டுவிட்டு முன்பகுதியை மட்டும் மாற்றுவதும் உண்டு. எண்டோதீலியம் மட்டும் கெட்டவர்களுக்கு அந்த ஒற்றைச் செல்வரிசையை டெசிமே படலத்தோடு உரித்து உள்ளே வைக்கிறார்கள். இப்படிப் பிரித்தால், தகுந்த நோயாளிகள் அமையும்போது, ஒரு கருவிழி இரண்டு பேருக்குப் போதும்.

புது வீட்டில் கருவிழி மெல்ல மாறுகிறது. ஆச்சியின் எபிதீலியச் செல்கள் உதிர்ந்து விவசாயியின் செல்கள் மேலே படர்கின்றன. ஸ்ட்ரோமாவின் செல்களும் வருடக்கணக்கில் மாறிவிடும். கொலாஜன் தகடுகளும் அடியில் நீர் இறைக்கும் எண்டோதீலியமும் ஆச்சியுடையவை. ஆச்சியின் அந்தச் செல்களை விவசாயியின் உடம்பு என்றைக்காவது அந்நியமென்று கண்டுகொண்டால் தாக்கத் தொடங்கும். அதற்குத்தான் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு. கடையில் தானாக வாங்கியபோது கண்ணைக் கெடுத்த அதே வகை மருந்து, இங்கே மருத்துவர் கணக்குப்படி விடும்போது மாற்றுக் கருவிழியைக் காக்கிறது. வார்டில் பூஞ்சைப் புண்ணுக்காக வலதுகண்ணைப் பெற்றவருக்கு மட்டும் ஆரம்பத்தில் அதைத் தர மாட்டார்கள்; ஒரு துணுக்குப் பூஞ்சை மிஞ்சியிருந்தாலும் திரும்ப வளர்ந்துவிடும்.

கட்டு அவிழ்த்த அன்றே எல்லாம் தெளிவாகத் தெரியாது. தையல்களை ஒரு வருட அளவில் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கப் பிரிக்கக் கருவிழியின் வளைவு மாறுகிறது, கண்ணாடி எண்ணும் மாறுகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது நான்கு விஷயம் சொல்லி அனுப்புகிறார்கள்: சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல். இதில் எது வந்தாலும், பிசானம் அறுப்பு நடந்துகொண்டிருந்தாலும் சரி, அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட வேண்டும். களத்துக்குப் போகும்போது கண்ணைச் சுற்றி மூடிய பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். அவர் மட்டுமல்ல, பக்கத்தில் நின்று தூற்றுகிறவர்களும்.